பத்தரை மணிக் கையெழுத்து

புதிதாகப் பொறுப்பேற்கும் மாஜிஸ்திரேட்டுகளுக்கு ஜாமீன் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதிர்பார்ப்பது தீர்ப்புகளின் பட்டியல் என்றால் மன்னிக்கவும். அது உங்கள் செல்போனில் என்னைவிட வேகமாகக் கிடைக்கும். பழைய சட்டத்தின் எந்தப் பிரிவு புதிய சட்டத்தில் என்ன எண்ணாக மாறியது என்பதிலும் நான் உங்களைவிட மட்டம்தான். ஓய்வு பெற்ற பிறகு அந்த எண்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய எனக்கு மனசில்லை. நான் எழுதப்போவது நானே போட்ட ஓர் உத்தரவைப் பற்றி. மேல்கோர்ட்டு எதுவும் அதைக் கண்டிக்கவில்லை, என் பணிப்பதிவேட்டில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனாலும் என் சர்வீஸில் எதை நினைத்து வெட்கப்படுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் கீரனூர். திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்தவள். கடலை முதன்முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில், அதுவும் அரை மணி நேரம். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். கோபம் எனக்குச் சட்டென்று வரும், வாயும் கொஞ்சம் நீளம். கோர்ட்டில் நான் ஏதாவது சொன்னால் பத்துப் பேராவது சிரிப்பார்கள். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மேடையில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் கீழே நிற்பவர்கள் சிரித்துத்தான் ஆகவேண்டும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஜாமீன் மனு வந்தால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இவன் ஓடிவிடுவானா? சாட்சிகளைக் கலைப்பானா? வெளியே போய் மறுபடியும் அதையே செய்வானா? மூன்றுக்கும் இல்லை என்று தோன்றினால், குற்றத்தின் கடுமை தடுக்காத வரையில், வெளியே விடவேண்டியதுதான். குற்றம் நிரூபணமாகும்வரை அவன் நம்மைப் போன்ற ஒரு மனிதன். சிறையில் வைப்பது தண்டனைக்காக, விசாரணைக்கு முன்னால் தண்டனை கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாமலா தேர்வு எழுதி வந்திருக்கிறீர்கள்? ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நாலாவதாக ஒரு கேள்வி தானாக வந்து பக்கத்தில் உட்காரும். 'இவனை விட்டால் நம்மை என்ன சொல்வார்கள்?' அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நிறைய ஜாமீன் மனுக்கள் தள்ளுபடியாவது அதனால்தான் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, நிபந்தனை. ஜாமீன் கொடுக்கும்போது இத்தனை நாள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்று போடுவோம் அல்லவா? நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் அதற்கு ஸ்டெனோவின் கம்ப்யூட்டரில் ஒரு வரி தயாராக இருந்தது. 'தினமும் காலை 10.30 மணிக்கு, மறு உத்தரவு வரும்வரை.' ஏன் பத்தரை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை கோர்ட்டு பத்தரைக்குத் தொடங்குவதால் உலகமே பத்தரைக்குத் தொடங்குகிறது என்று நமக்கு ஒரு நினைப்போ என்னவோ. உள்பகுதியில் ஒரு கோர்ட்டில் இருந்தபோது குளத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு இதே வரியைப் போட்டுவிட்டேன். அவருக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரே வாரத்தில் அவருடைய வக்கீல் ஓடிவந்து, "அம்மா, இவரு பகல் ஷிப்ட்டுக்குப் போனா கையெழுத்து போச்சு, கையெழுத்துக்குப் போனா வேலை போச்சு" என்றார். அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் என்று மாற்றிக் கொடுத்தேன். நிபந்தனை போடும் முன் ஆள் என்ன தொழில் செய்கிறார் என்று பார்க்கவேண்டும் என்ற பாடத்தைப் படித்துவிட்டதாக அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். படித்தது ஷிப்ட்டைப் பற்றி மட்டும்தான்.

பிறகு நம் மாவட்டத்தின் கடலோரமும் சேர்ந்த ஒரு கோர்ட்டுக்கு மாற்றலானேன். எந்தக் கோர்ட்டு என்பது வேண்டாம். கோட்டைப்பட்டினத்தை ஒட்டிய ஒரு சின்னக் குடியிருப்பில் இருந்து ஒரு வழக்கு வந்தது. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் தகராறு. விசைப்படகு இழுத்துக்கொண்டு போனதில் தங்கள் வலை அறுந்துவிட்டது என்று நாட்டுப்படகுக்காரர்கள் கேட்கப் போயிருக்கிறார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, ஒருவருக்கு முன்கையில் கத்திக் காயம். வெட்டியதாகப் பிடிபட்டவர் சாகுல். விசைப்படகு ஒன்றின் டிரைவர், நாற்பது வயதிருக்கும். அவர் வெட்டினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழக்கு விசாரணைக்கு வரும்முன் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்தக் கதைக்கு அது தெரியவும் வேண்டாம்.

பதினைந்து நாள் உள்ளே இருந்தபின் ஜாமீன் கேட்டார். கத்தி கைப்பற்றப்பட்டுவிட்டது, காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார், இவர்மேல் பழைய வழக்கு எதுவும் இல்லை. கொடுத்தேன். கூடவே அந்தப் பத்தரை மணி வரியும் போயிற்று. அது ஏப்ரல் கடைசி. நம் கரையில் அந்த இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகக்கூடாது. சாகுல் மட்டுமல்ல, ஊரிலுள்ள அத்தனை டிரைவர்களும் அப்போது கரையில்தான் இருந்தார்கள். அதனால் அந்த நிபந்தனை யாருக்கும் உறுத்தவில்லை. அவருடைய வக்கீல் எதுவும் சொல்லவில்லை, அரசுத் தரப்பும் சொல்லவில்லை, சாகுலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தடை முடியும்வரை ஒரு நாள் விடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஜூன் நடுவில் தடை முடிந்தது. ஜூலை முதல் வாரம் போலீஸ் தரப்பில் ஒரு மனு வந்தது. எதிரியான சாகுல் நிபந்தனையை மீறிவிட்டார், ஒன்பது நாள் கையெழுத்துப் போடவில்லை, ஜாமீனை ரத்து செய்யவேண்டும். கூடவே டைப் செய்த ஒரு தாள், அதில் ஒன்பது தேதிகள். சாகுலுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். விசாரணையை ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிவிடுகிறேன். சாக்குக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். வக்கீல்கள் ஏதோ ஒரு காரணத்துக்காக அன்று கோர்ட்டைப் புறக்கணித்திருந்தார்கள். எதிரிகள் பெரும்பாலும் தனியாக வந்து நின்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் காயம்பட்டவரின் ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள், பெண்களும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவரை வெளிய விட்டு வச்சா ரெண்டு ஊருக்கும் நடுவுல பிரச்சினை வரும்மா" என்றார். முந்தின வாரம்தான் வேறொரு வழக்கில் நான் ஜாமீன் கொடுத்த ஆள் திரும்பவும் அடிதடியில் மாட்டி, அது பத்திரிகையில் வந்திருந்தது. என் பெயர் வரவில்லை. ஆனால் எந்தக் கோர்ட்டு என்று போட்டிருந்தார்கள். நான் சொன்ன அந்த நாலாவது கேள்வி காலையிலிருந்தே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பெஞ்ச் கிளார்க் பெயரைக் கூப்பிட்டார். சாகுல் வந்து நின்றார். வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, ஜும்மா தொழுதுவிட்டு நேராக வந்திருக்கிறார். பின்னால் வாசல் ஓரமாக அவருடைய மனைவி மைமூன். அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

"ஒன்பது நாள் ஏன் கையெழுத்துப் போடலை?"

"கடலுக்குப் போயிருந்தேம்மா."

"கோர்ட்டு உத்தரவு இருக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும்மா. அதான் நான் இல்லாத நாளு எங்க வீட்டுல வந்து நின்னாக."

இப்போது இந்த வாக்கியத்தை எழுதும்போது என் கை நிற்கிறது. அன்று நிற்கவில்லை. "கையெழுத்துப் போடச் சொன்னது ஒன்னையா, ஒன் வீட்டுக்காரியையா?" என்றேன். ஒருமையில்தான் பேசினேன், அதையும் மறைக்கவில்லை. அதோடு விட்டேனா? "அப்ப கேஸ்லயும் அவுகளை ரெண்டாவது எதிரியாச் சேத்துக்கிருவமா?" என்று கேட்டேன். ஹால் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். மேடையில் யார் உட்கார்ந்தாலும் 'ஐயா' என்றே கூப்பிட்டுப் பழகிய பெஞ்ச் கிளார்க்கும் வாயைப் பொத்திக்கொண்டார். சாகுல் என்னையே பார்த்தார். தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம், என்னவென்று தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

அவர் கைகூப்பி, "அம்மா, தடை முடிஞ்சு இப்பதான் ரெண்டு மூணு வாரமா மீன்பாடு நல்லா இருக்கு. நாளைக்குக் கடலுக்குப் போட்டை எடுக்கணும். நான் போகலைன்னா ஓனரு வேற ஆளை ஏத்திருவாரு. ஏத்திட்டா இந்த வருசம் பூரா எனக்கு அந்தப் போட்டு கெடையாது. வேற எந்த நிபந்தனைன்னாலும் போடுங்கம்மா" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். மறுநாள் காலையில் படகில் ஏறவேண்டும். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், கோர்ட்டு உத்தரவைவிடக் கடல்தான் இவருக்குப் பெரிதாகப் போயிற்று என்று எனக்குக் கோபம் வந்தது. நிபந்தனையை வேண்டுமென்றே மீறினார் என்று எழுதி ஜாமீனை ரத்து செய்து, அவரைச் சிறைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே நின்ற கூட்டம் அமைதியாகக் கலைந்துபோனதைப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஓடிவிடுவானா என்பது முதல் கேள்வி என்றேன். ஓடுகிறவன் நோட்டீஸ் கிடைத்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வக்கீல்கூட இல்லாமல், சொன்ன நேரத்துக்கு என் முன்னால் வந்து நிற்பானா? பதில் ஆறடி தூரத்தில் கைகூப்பி நின்றது. நான் டைப் அடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வக்கீல் புதிதாக ஒரு ஜாமீன் மனு போட்டார். ரத்து செய்த உத்தரவை நானே திருத்த முடியாது, ஆனால் புது மனுவைக் கேட்கலாம். வியாழக்கிழமைக்கு எடுத்துக்கொண்டேன். அன்றும் மறுக்கும் எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ரத்து செய்துவிட்டு வியாழக்கிழமை கொடுத்தால் நம் உத்தரவுக்கு என்ன மரியாதை என்று ஒரு வீம்பு.

அரசு உதவி வழக்கறிஞர், நாம் ஏ.பி.பி. என்று கூப்பிடுகிறவர், அப்போது வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பையன். என் மகன் வயதுதான் இருக்கும். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், சொல்லவில்லை. ஜாமீனை எதிர்ப்பதுதான் அவர் வேலை. எழுந்தவர் எதிர்க்காமல் ஒரு தாளை நீட்டினார். போலீஸ் மனுவோடு வந்து, வெள்ளிக்கிழமை அவரே படித்துக் காட்டிய அதே தேதிப் பட்டியல். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் நீல மையில் கிழமை எழுதியிருந்தார். திங்கள், புதன், சனி. திங்கள், புதன், சனி. மறுபடியும் திங்கள், புதன், சனி.

"என்ன இது?"

"அம்மா, நம்ம கரையில விசைப்படகு கடலுக்குப் போற நாளு இதான். மத்த நாளு நாட்டுப்படகுக்கு. இவரு காலையில போனா மறுநாள் காலையிலதான் கரைக்கு வருவாரு. வந்த அன்னைக்கெல்லாம் கையெழுத்து இருக்கு. ஒன்னுகூட விடலை." கொஞ்சம் தயங்கினார். "வெள்ளிக்கிழமை நான் வெறும் தேதியத்தான் படிச்சேன். வீட்டுக்குப் போயி காலண்டரப் பாத்தேம்மா. நான் எதுக்க வேண்டிய ஆளுதான். ஆனா இதைக் காட்டாம எதுக்க முடியலை."

கடலோரத்தில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கிழமைகள். கீரனூர்க்காரி எனக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. அந்தக் கோர்ட்டில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தும் ஒருவரிடமும் கேட்காமல் இருந்தேனே, அதுதான்.

ஏ.பி.பி. இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து கையெழுத்துப் பதிவேட்டையே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஸ்டேஷனில் வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண் காவலர் அதை எடுத்து வந்திருந்தார். சாகுலுக்கான பக்கத்தைப் புரட்டினேன். கையெழுத்து இருந்த நாள்களில் இருந்தது. கடலிலிருந்து வந்த கையோடு போட்ட சில கையெழுத்துகள் ஈரத்தில் கலைந்திருந்தன. கையெழுத்து இல்லாத ஒன்பது கட்டங்களிலும் பென்சிலால் ஒரு சின்ன டிக். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"இது யாரும்மா போட்டது?"

அந்தப் பெண் காவலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான்தாம்மா. இவரு கடலுக்குப் போற நாளெல்லாம் இவரு வீட்டம்மா பத்தரைக்கு வந்து நிப்பாங்க. 'அவுக கடல்ல இருக்காக, நான் வந்துட்டேன், எழுதிக்கங்க'ன்னு சொல்லுவாங்க. அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா, போங்கன்னு சொன்னேன். போக மாட்டேன்னுட்டாங்க. 'சொசைட்டியில எழுதுறாக, ரேசன் கடையில எழுதுறாக, பள்ளிக்கூடத்துல எழுதுறாக, இங்கிட்டு மட்டும் ஏன் எழுத மாட்டீக?'ன்னு கேட்டாங்க. அரை மணி நேரம், ஒரு மணி நேரம்னு நிப்பாங்க. அனுப்பி வைக்கணுமேன்னு பென்சில்ல ஒரு டிக் போடுவேன். அதைப் பாத்துட்டுத்தான் போவாங்க."

"இதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை?"

"கையெழுத்து இல்லாத தேதி எதெதுன்னு மட்டும்தான் கேட்டாங்கம்மா. டிக்கைப் பத்தி யாரும் கேக்கலை."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை என்றால், கேட்கவேண்டிய இடத்தில் இருந்தது யார்? 'எங்க வீட்டுல வந்து நின்னாக' என்று சாகுல் என்னிடமே சொன்னார். எப்போது வந்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பதிவேடு வெள்ளிக்கிழமையே என் மேஜைக்கு வந்திருக்கும். இரண்டு கேள்விக்கு ஆகும் நேரத்தை ஒரு நக்கலுக்குச் செலவழித்தேன்.

அந்தக் கரையில் இப்படித்தான் என்று ஏ.பி.பி. விளக்கினார். ஆண் கடலில் இருக்கும்போது வீட்டுக்காரி போய் நின்றால் அவன் நின்ற மாதிரிதான். தடைக்கால நிவாரணத்துக்கு எழுதிக் கொடுப்பதானாலும் சரி, பிள்ளையின் டி.சி. வாங்குவதானாலும் சரி, பஞ்சாயத்தில் கூப்பிட்டாலும் சரி. புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு கோர்ட்டை ஏமாற்றவில்லை. தங்களுக்குத் தெரிந்த வழியில் என் உத்தரவைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சட்டப்படி அது செல்லாது, சந்தேகமே இல்லை. ஜாமீன்காரனுக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் ஜாமீனை ரத்து செய்ய, கட்டம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. அவன் வேண்டுமென்றே மீறினானா, தப்பிக்கப் பார்த்தானா என்று பார்க்கவேண்டும். கொடுப்பதைவிடப் பறிப்பதற்குப் பலமான காரணம் வேண்டும். இந்த வரியை நானே எத்தனையோ உத்தரவுகளில் எழுதியிருக்கிறேன்.

பதிவேட்டைப் பெண் காவலரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

சாகுலின் வக்கீலைப் பார்த்து, "இவரோட வேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். கோர்ட்டில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"இல்லம்மா. சனிக்கிழமையே வேற ஆளை ஏத்திட்டாங்க. அன்னைக்குப் பாடு நல்லா கெடைச்சுருச்சாம். ஓனரு அந்த ஆளையே வச்சுக்கிட்டாரு."

அதைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் எனக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து நிபந்தனையை முழுதாக நீக்கச் சொல்லி சாகுல் ஒரு மனு போட்டார். முதல் மனுவில் தொழில் என்ற இடத்தில் 'விசைப்படகு டிரைவர்' என்று இருந்தது. இந்த மனுவில் 'கூலி' என்று இருந்தது. கேட்டபடியே நீக்கிக் கொடுத்தேன். அதில் பெரிதாக என்ன இருக்கிறது?

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஜாமீன் கொடுத்தேன். பழைய ஜாமீன்தாரர்களே போதும் என்றேன், அன்று மாலையே வெளியே வர ஏற்பாடு செய்யச் சொன்னேன். நிபந்தனையை நானே வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்தேன். கடலுக்குப் போகாத நாள்களில், வாரம் இரண்டு முறை, மாலை ஐந்து மணிக்கு. ஸ்டெனோ தன் கம்ப்யூட்டரில் இருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டி வந்தது. உத்தரவைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். வக்கீல் புரிகிறது என்று தலையசைத்தார். அடுத்த வழக்கை எடுக்க பெஞ்ச் கிளார்க் கட்டைப் பிரித்துவிட்டார்.

அப்போது வாசல் ஓரத்திலிருந்து மைமூன் இரண்டு எட்டு முன்னால் வந்தார். வக்கீல் வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினார். டபேதார் தடுக்கப் போனார். விடுங்கள் என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். என்மேல் கோபம் இருக்கும், நாலு வார்த்தை கேட்பார், கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்டால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அம்மா, ஒன்னு கேக்கணும். சனிக்கிழமையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அவுக உள்ள இருந்தாக. நானும் ஜெயிலு, வக்கீல் வீடு, கோர்ட்டுன்னு அலைஞ்சதுல ஸ்டேஷனுக்குப் போக முடியலை. அந்தக் கட்டமெல்லாம் டிக்குகூட இல்லாம காலியாக் கெடக்கு." பெண் காவலர் கையிலிருந்த பதிவேட்டைக் காட்டினார். "இந்த ஆறு நாளுக்கு யாரும்மா கையெழுத்துப் போடுறது?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டும். நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். காலிக் கட்டத்தைக் காட்டித்தானே போன வாரம் அவர் புருஷனை உள்ளே அனுப்பினேன்? இந்த ஆறையும் காட்டி மறுபடி ஒரு நோட்டீஸ் வராது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சிறையில் இருக்கும் நாளுக்குக் கையெழுத்து வேண்டாம் என்பது நமக்கெல்லாம் சொல்லாமலே தெரியும். நாம் சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிடுகிற ஒவ்வொன்றையும் அவர்கள் பயந்து பயந்து நம்மிடம் வந்து கேட்கவேண்டியிருக்கிறது.

"அதுக்குப் போட வேண்டாம்மா" என்றேன்.

"நீங்க சொல்றீக. நாளைக்கு நீங்க இங்க இல்லைன்னா? எழுத்துல இருந்தாத்தானே நம்புவாக."

உண்மைதான். எழுத்தில் இருந்தால்தான் நம்புவேன் என்று அவருக்கு அதற்கு முந்தின வாரம் காட்டியவள் நான்தான். ஸ்டெனோவை நிறுத்தி, உத்தரவின் கடைசியில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொன்னேன். சனிக்கிழமை முதல் வியாழக்கிழமை வரையிலான ஆறு நாள்களும் மனுதாரர் இந்த நீதிமன்றத்தின் உத்தரவால் சிறையில் இருந்தார், அந்த நாள்களில் கையெழுத்து இல்லாதது அவருடைய தவறு அல்ல என்று சொல்லிக்கொண்டே போனேன். அதோடு முடித்திருக்கலாம். ஸ்டெனோ கையை எடுத்துவிட்டார். மைமூன் இன்னும் அங்கேயே நின்றார்.

"இதையும் அடிங்க" என்றேன். "அதற்கு முந்தைய ஒன்பது நாள்களும் மனுதாரரின் மனைவி காவல் நிலையத்துக்கு நேரில் வந்து, அவர் கடலில் இருப்பதைத் தெரிவித்திருக்கிறார். ஜாமீனை ரத்து செய்த நாளன்று மனுதாரர் இதை இந்த நீதிமன்றத்தில் சொன்னார். நீதிமன்றம் விசாரிக்கவில்லை."

ஸ்டெனோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கடைசி வாக்கியம் வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். வேண்டும் என்றேன்.